கை நீட்டாத பிள்ளைக்கு ஒரு தள்ளுபெட்டி

ஒரு வயசுப் பிள்ளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்காவது யோசனை தேவைப்பட்டால் என்னிடம்தான் வருவார்கள். கேட்காமல் வாங்கிவிட்டவர்களும் என்னிடம் காட்டாமல் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. நான் முகத்தைச் சுளித்தால் அந்தச் சாமான் அலுமாரிக்குப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பல விஷயங்களில் நான் அடங்கிப் போயிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது, அதற்காக வெட்கப்படுவதுமில்லை.

நான் சொல்வது மிகவும் சுலபமானது. பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்க, சாமான் தானாக ஆடிப் பாடினால் அது பெரியவர்களுக்கான சாமான். பிள்ளை தொட்டால்தான் அது ஏதாவது செய்ய வேண்டும், தொடாவிட்டால் கிடந்த இடத்தில் கிடக்க வேண்டும். வாயில் வைத்தால் சாயம் போகக் கூடாது, ஏனென்றால் எப்படியும் வாயில்தான் வைக்கப் போகிறது. தொண்டைக்குள் போகிற அளவில் இருக்கக் கூடாது. விழுந்தால் உடையக் கூடாது. விழுத்துவதுதான் அந்த வயசில் பாதி விளையாட்டு. இவ்வளவும் யாருக்கும் தெரியும். நான் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான்: ஒரு சாமானாவது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாக இருக்கட்டும். இதைக் கேட்டு இளம் தாய்மார் தலையாட்டுவார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பிந்தியிருந்தால் என் மகன் கப்பலேறிப் போயிருப்பான்.

அப்போது நாங்கள் மலாயாவில், லாயாங் லாயாங் என்ற சின்ன ஊரில் இருந்தோம். என் கணவர் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். நான் யாழ்ப்பாணத்தில் பாலர் வகுப்புக்குக் கொஞ்சக் காலம் படிப்பித்துவிட்டுக் கலியாணம் முடித்து வந்தவள். ஸ்டேஷனுக்குப் பின்புறம் எங்கள் குவார்ட்டர்ஸ், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். சிங்கப்பூர் ரயில் போனபின் அந்த ஊரில் காதருகே ரீங்காரமிடும் நுளம்பின் சத்தமும் எங்கள் வீட்டுச் சத்தமும்தான்.

எங்கள் வீட்டுச் சத்தம் என்றால் அது மச்சாளின் சத்தம். என் கணவரின் மூத்த சகோதரி அவர். என் பிள்ளைப்பேற்றுக்கென்று ஊரிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவர். எனக்குப் பேறுகாலக் காயச்சரக்கு அரைத்துத் தந்தவர், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் கண் மூடாமல் மடியில் வைத்திருந்தவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கெட்டவர் என்று இந்தக் கதையைக் கேட்டு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் கெட்டவரில்லை. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்றும் உலகத்தில் இல்லை என்று நினைப்பவர். நானும் அப்படித்தான் நினைப்பவள் என்பதால் அந்தச் சின்ன வீட்டில் இரண்டு பேருக்கும் இடம் போதவில்லை.

மகனுக்கு முதல் பல் முளைத்தபோது மச்சாள் முன்னின்று பல்லுக்கொழுக்கட்டை செய்தார். எங்கள் ஆட்களுக்கு அது விட முடியாத சடங்கு. பிள்ளையை நடுவில் இருத்தி, தலையை வெள்ளைத் துணியால் மூடி, பல்லுப் போலத் தேங்காய்ச் சொட்டு குத்திய கொழுக்கட்டைகளைத் தலைக்கு மேலே கொட்டுவோம். பிறகு ஒரு தட்டத்தில் பேனை, புத்தகம், காப்பு, கண்ணாடி, கத்தி என்று பலதையும் பரப்பி முன்னால் வைப்போம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதை வைத்து அதன் வருங்காலத்தைச் சொல்லிச் சந்தோஷப்படுவோம். என் மகன் கொஞ்சமும் யோசிக்காமல் பேனையை நோக்கிக் கையை நீட்டினான். இடக்கையை.

"சோத்துக்கையாலை, ராசா, சோத்துக்கையாலை," என்று சொல்லிக்கொண்டே மச்சாள் அந்தக் கையை மெல்ல விலக்கினார். பேனையை எடுத்து மகனின் வலக்கைக்குள் வைத்து மூடினார். எல்லாரும் கை தட்டினோம். பிள்ளை பேனையை விட்டுவிட்டான். அது உருண்டு போய்க் கொழுக்கட்டைக்குள் விழுந்தது.

அதிலே நாங்கள் ஒருவரும் எதையும் வித்தியாசமாகக் காணவில்லை. சாப்பிடுகிற கை வலக்கை. கொடுப்பதும் வாங்குவதும் அந்தக் கையால்தான். பீச்சைக்கை என்கிற இடக்கை எதற்கென்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை இடக்கையை நீட்டினால் தட்டிவிட்டு மற்றக் கையில் கொடுப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது போல, கவனிக்காமலே செய்கிற வேலை. மச்சாள் செய்தார், கணவர் செய்தார், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் செய்தார்கள். மச்சாள் மட்டும் அதைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு செய்தார்.

முதலாவது பிறந்தநாளுக்கு என் கணவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு தகரக் குரங்கு வாங்கி வந்தார். ஜப்பானில் செய்தது. முதுகில் சாவி கொடுத்தால் மேளம் அடித்துக்கொண்டு தலையை ஆட்டும். ஸ்டேஷன் ஆட்கள் முறை வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கணவர் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் ஓடி வந்து சாவி கொடுத்துவிட்டுப் போவார். மகன் அதைக் கண்டு வீரிட்டு அழுதான். அழுகை அடங்கியபின் அதைப் பார்க்கவே மறுத்தான். குரங்கு சரியில்லை என்று மரக் கிலுகிலுப்பை வந்தது, செலுலாய்ட் வாத்து வந்தது, ஒரு சிவப்புப் பந்து வந்தது. அவன் எதற்கும் கை நீட்டவில்லை. கொண்டுபோய் முன்னால் பிடித்தால் சாமானைப் பார்ப்பான், பிறகு பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பான். கை மடியிலேயே கிடக்கும். கையில் திணித்தால் வைத்திருந்துவிட்டு நழுவ விடுவான். அவன் வயசுப் பிள்ளைகள் கதிரையைப் பிடித்து எழுந்து நின்றபோது இவன் இருத்திய இடத்தில் இருந்தான்.

பக்கத்து நகரமான குளுவாங்குக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினோம். அவர் காலைத் தட்டிப் பார்த்தார், காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, சில பிள்ளைகள் தாமதம், பொறுத்துப் பாருங்கள் என்றார். பொறுப்பது மச்சாளின் வழக்கமில்லை.

"பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதை," என்று அன்றைக்குச் சாப்பாட்டின்போது தொடங்கினார். "பொடியன் மந்தமாய்ப் போனான். உந்தக் காட்டுக்குள்ளை காய்ச்சலோடையும் நுளம்போடையும் வைச்சிருந்து என்னத்தைக் காணப் போறாய்? நான் ஊருக்குப் போகேக்கை கொண்டுபோறன். நாட்டு மருந்துப் பரியாரியார் எண்ணெய் வைச்சு உருவிவிடுவார். பள்ளிக்கூடமும் அங்கையே பாக்கலாம்."

அந்தக் காலத்தில் அது ஒன்றும் புதுமையான பேச்சு இல்லை. மலாயாவில் உத்தியோகம் பார்த்த எங்கள் ஆட்கள் பலர் பிள்ளைகளை ஊரில் வளரவிட்டுக் காசும் கடிதமும் அனுப்பினார்கள். பெற்றவர்கள் திரும்பிப் போகும்போது அந்தப் பிள்ளைகள் தாயைப் பார்த்து "இவ ஆர்?" என்று கேட்ட கதைகள் எனக்குத் தெரியும்.

"அக்கா சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு," என்றார் என் கணவர், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

"ஞாயம் இருக்கட்டும். பிள்ளை என்னோடை இருக்கட்டும்," என்றேன் நான்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். நல்ல மனுஷன், ஆனால் ரயில்களை நேரத்துக்கு அனுப்பிய அளவுக்கு வீட்டில் ஒரு முடிவையும் நேரத்துக்கு எடுத்தவரில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். "அக்கா வெளிக்கிட இன்னும் நாள் கிடக்கு. அதுக்குள்ளை பொடியன் தானாய்க் கையை நீட்டி ஒரு சாமானை எடுக்கட்டும். எடுத்தால் இஞ்சை நிக்கட்டும். இல்லாட்டி அக்காவோடை போகட்டும்."

மச்சாள் அன்றைக்கே மகனின் சட்டைகளை எடுத்துத் தன் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டார்.  

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. கடைச் சாமான்கள் எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். குசினியிலிருந்து ஓர் அகப்பை, ஒரு சிரட்டை, பால்மா வந்த பெரிய தகரம் ஒன்று என்று சேர்த்து, ஒரு ரோத்தான் பிரம்புக் கூடைக்குள் போட்டேன். மச்சாள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துப் பிள்ளையைப் பாயில் இருத்தி, கூடையைப் பக்கத்தில் வைத்தேன். கொடுக்கவில்லை. காட்டவுமில்லை. வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்க் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு டங் என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் மகன், மந்தம் என்று பேரெடுத்த மகன், அகப்பையை இடக்கையால் பிடித்துத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அடித்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தான். அகப்பையைத் தகரத்துக்குள் போட்டான், குனிந்து பார்த்தான், எடுத்தான், மறுபடியும் போட்டான். சிரட்டையை எடுத்து மேலே மூடினான். மூடவில்லை. திருப்பி வைத்து மூடினான். எல்லாம் அந்த ஒரு கையால்.

சந்தோஷம் தாங்காமல் நான் சீலையை விலக்கினேன். அவன் திரும்பி என்னைக் கண்டான். கையிலிருந்ததை விட்டான். இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

 இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? பிள்ளை மந்தமில்லை, கெட்டிக்காரன். எந்தக் கை எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்து, ஆள் இருக்கும்போது அதை நீட்டாமல் விட்டிருக்கிறான். மற்றக் கை அவனுக்கு வசப்படவில்லை. ஆகவே இரண்டையும் மடியில் வைத்துவிட்டான். நாங்கள் வீடு நிறையச் சாமான் வாங்கி அடுக்கினோம். எடுக்கிற கையை எடுக்க விடவில்லை.

மச்சாள் ஈரத் தலையோடு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் அடைவார் என்று எதிர்பார்த்தது என் மடத்தனம்.

"பீச்சைக்கையனோ?" என்று அப்படியே நின்றார். "அப்ப கட்டாயம் கொண்டுபோகத்தான் வேணும். கோயிலிலை ஐயரிட்டைத் திருநீறு வாங்க உந்தக் கையை நீட்டினால் என்ன செய்வாய்? நாலு பேர் இருக்கிற பந்தியிலை உந்தக் கையைச் சோத்துக்குள்ளை வைச்சால்? நாளைக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"ஒரு வயசுப் பிள்ளைக்கு இப்ப பொம்பிளை பாக்கேல்லை, மச்சாள்."

"நீ பகிடி விடு. நான் இருக்குமட்டும் உந்தக் கையாலை எடுக்க விடமாட்டன்."

அவர் சொன்னால் செய்வார். அவர் வீட்டில் இருக்கும்வரை பிள்ளை எடுக்க மாட்டான், பிள்ளை எடுக்காவிட்டால் அவரோடு போவான். கணவரிடம் சொன்னேன். "நான் காணேல்லையே," என்றார். ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குக் கண்ணால் கண்டால்தான் ரயில்.

வழி அடுத்த நாள் கிணற்றடியில் கிடைத்தது. மச்சாள் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார். வலக்கை, இடக்கை, வலக்கை, இடக்கை என்று கயிறு மேலே வந்தது. வாளியை இரண்டு கையாலும் தூக்கிக் குடத்துக்குள் ஊற்றினார். நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். எடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது, கொடுப்பதற்கு இருக்கிறது, சாப்பிடுவதற்கு இருக்கிறது. இரண்டு கையாலும் தூக்குவதற்கு ஒரு சட்டமும் இல்லை. குடத்தைத் தூக்குகிறவளிடம் உன் பீச்சைக்கையை எடு என்று இந்த உலகத்தில் யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கே கணவரின் பழைய காற்சட்டை ஒன்றை வெட்டினேன். இலவம்பஞ்சு அடைத்து ஒரு பந்து தைத்தேன். பூசணிக்காய் அளவு பந்து. ஒரு கைக்குள் அடங்காது, கட்டிப்பிடித்தால்தான் பிடிபடும். மச்சாள் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வேண்டுமென்றே அதைப் பிள்ளையின் மடிக்கு உருட்டிவிட்டேன். அவன் பந்தைப் பார்த்தான், எங்கள் முகங்களைப் பார்த்தான். பந்து வயிற்றில் வந்து முட்டியது. இடக்கை மேலே வந்தது. மச்சாளின் கையும் கீரையை விட்டுக் கிளம்பியது. அதற்குள் பிள்ளையின் வலக்கையும் வந்து பந்தை அணைத்துக்கொண்டது. மச்சாளின் கை பாதி வழியில் நின்றது. எதைத் தட்டுவது? கீரைக்குத் திரும்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன்.

பந்துக்குப் பிறகு மூடியுள்ள பெரிய தகரம். விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கினேன். ஒரு கை தகரத்தைப் பிடிக்க வேண்டும், மற்றக் கை மூடியைக் கழற்ற வேண்டும். எந்தக் கை எதைச் செய்ய வேண்டும் என்று மச்சாளுக்கும் தெரியவில்லை. வலக்கை பிடிக்கிற கையாகியது, இடக்கை வேலை செய்கிற கையாகியது. வலக்கையும் ஏதோ செய்துகொண்டிருந்ததால் மச்சாள் பொறுத்துப் போனார்.

ஆனால் தகரத்தோடு அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். அவனை எழுப்ப வேண்டும். ஸ்டேஷனுக்கு முன்னாலுள்ள கடை வரிசையில் ஒரு சீனத் தச்சர் இருந்தார். பால் டின் வருகிற பலகைப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு அவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பாதி, கையால் பாதியாகச் சொன்னேன். அடியில் உருள நான்கு சில்லு வேண்டும், பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் குறுக்கே ஒரு பிடி வேண்டும், மூலைகளைச் சீவ வேண்டும், வர்ணம் கூடாது. மரக்கறி விற்கப் போகிறேனா என்று கேட்டார். பிள்ளை நடக்க என்றேன். சிரித்தார். பிடியை மட்டும் இரண்டு முறை சீவித் தடவிப் பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நான் பெட்டிக்குள் ஒரு மணல் பையை வைத்தேன். இதை மறக்கிறவர்கள் பிறகு அழுவார்கள். பாரமில்லாத பெட்டியைப் பிள்ளை பிடித்து எழும்பினால் பெட்டி அவன்மேல் கவிழும்.

முதல் நாள் அவன் பெட்டியைச் சும்மா பார்த்தான். அடுத்த நாள் தகரத்தை அதற்குள் போட்டு எடுத்தான். அதற்கடுத்த பின்னேரம், நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், மச்சாள் பிள்ளையோடு வராந்தாவில் இருந்தார். "ஐயோ, பிள்ளை, ஓடிவா!" என்று கத்தினார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். மகன் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி கொஞ்சம் நகர்ந்தது. அவன் காலும் நகர்ந்தது. பெட்டி மறுபடி நகர்ந்தது. சில்லு கடகடவென்று சத்தம் போட, என் மகன் வராந்தாவின் அந்தத் தொங்கல்வரை நடந்துபோய்ச் சுவரில் முட்டி நின்றான்.

மச்சாள் குனிந்தபடியே பின்னால் ஓடினார். "விழப்போறான், விழப்போறான்" என்று சொல்லிக்கொண்டே போனவர், அவன் சுவரில் முட்டியதும் பெட்டியைத் தூக்கித் திருப்பி வைத்தார். அவன் இந்தத் தொங்கலுக்கு வந்தான். மறுபடியும் திருப்பி வைத்தார். என்னைத் திருப்ப விடவில்லை. முடிச்சு அவிழ்ந்து முகத்தில் விழுந்த தலைமயிரைக்கூட ஒதுக்காமல், அந்தப் பின்னேரம் முழுவதும் அந்தப் பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். மகன் அவரைக் கண்டான். பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து, அவர் சட்டையில் தொங்கிய விசிலை எட்டிப் பிடித்தான். எந்தக் கை என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். விடவில்லை.

கணவர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் எழுந்து உள்ளே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் கையில் மகனின் சட்டைகள் இருந்தன. என் கட்டிலில் வைத்தார்.

"இஞ்சத்தை மழைக்கு ஒண்டும் காயாது. அவனுக்கு நிறையச் சட்டை வேணும்," என்றார்.  பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனால் வாயிலை வைக்கிறது மட்டும் சோத்துக்கையாலை. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு, மச்சாள்," என்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான் என்றால் எனக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் புறப்படும் நாள்வரை ரொட்டித்துண்டோ வாழைப்பழமோ இடக்கையில் கண்டால் அந்தக் கையை விலக்கிக்கொண்டேதான் இருந்தார். அதில் அவர் ஓர் அங்குலமும் அசையவில்லை.

சிங்கப்பூர் ரயிலுக்கு அவரை ஏற்றிவிடப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். மச்சாள் ஜன்னலோரம் இருந்தார். அவர் தனியாகப் போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வென்றவள் நான்தான். ஆனாலும் ஜன்னலை ஒட்டிப் போய் நின்றேன். மகனை ஜன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். வீட்டிலிருந்தே அவன் ஒரு ரஸ்க்கைச் சப்பிக்கொண்டு வந்தான். பாதி கரைந்து கூழாகியிருந்தது. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அந்த ரஸ்க்கை அவரிடம் நீட்டினான், இடக்கையால்.

அவன் அதுவரை யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை.

மச்சாளின் கை பழக்கத்தில் அவனுடைய மணிக்கட்டை நோக்கி வந்தது.  தொட்டது. நின்றது. பிறகு அந்தக் கை திரும்பி விரிந்தது. பயணத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், கோயில் பிரசாதத்தைத் தவிர அடுத்தவர் கை பட்டதை வாயில் வைக்காதவர், அந்த எச்சில் ரஸ்க்கை வாங்கினார். வாங்கி வாயில் போட்டார்.

"இனிக்குது, ராசா," என்றார்.

என் கணவர் பச்சைக் கொடியை உயர்த்தினார். ரயில் நகர்ந்து வளைவில் திரும்பும்வரை மச்சாள் அழுதுகொண்டே அதை மென்றுகொண்டிருந்தார்.